பாலிஷ் போட்ட ரூபாயும் சொல்லாமல் விட்ட ஒரு வரியும்

கேள்வி:

என் மாமனார் காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். நூற்று நாற்பது பழைய காசுகள் இருந்தன. தெரிந்தவர் ஒருவர் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். கறுத்துக் கிடந்த வெள்ளி ரூபாய்களில் பத்தை அவரிடம் கொடுத்துப் பாலிஷ் போட்டு வாங்கினோம். அதில் 1911ஆம் ஆண்டு ஜார்ஜ் ரூபாயைப் படம் எடுத்து, ‘நல்ல நிலை’ என்று எழுதி, காசு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் 6,500 ரூபாய்க்கு வாங்கினார். கையில் கிடைத்த மறுநாளே, ‘பாலிஷ் போட்ட காசை ஏமாற்றி விற்றுவிட்டார்’ என்று குழுவிலேயே எழுதிவிட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். நான் எதையும் மறைக்கவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். திருப்பித் தரத்தான் வேண்டுமா?

இன்னொன்று. பாலிஷ் போடாத 1862 விக்டோரியா ரூபாய் ஒன்றை ஆத்தூரில் ஒருவருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டேன். பணம் இன்னும் வரவில்லை. அதற்குள் வேறொருவர் ஆயிரம் ரூபாய் கூடத் தருகிறேன் என்கிறார். யாருக்குக் கொடுப்பது? ஏற்காட்டில் இருக்கும் நாத்தனாரிடம் மாமனாரின் ஸ்டாம்ப் ஆல்பமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராமர் பட்டாபிஷேகக் காசு ஒன்றும் இருக்கின்றன. அந்தக் காசு லட்சக்கணக்கில் போகும் என்று போனில் ஒருவர் சொல்லி, பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் கட்டச் சொல்கிறாராம்.

– அஸ்தம்பட்டி வாசகி, சேலம்

பதில்:

கடைசியிலிருந்து தொடங்குகிறேன். நாத்தனாருக்கு இப்போதே போன் செய்து, அந்த 2,500 ரூபாயைக் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது. பணம் போன பிறகு காரணம் தெரிந்து என்ன பயன்?

இனி உங்கள் கேள்வி. ஆம், திருப்பித் தர வேண்டும். 6,500 ரூபாயையும், அவர் கொடுத்த தபால் செலவையும், காசு உங்களிடம் திரும்பி வர ஆகும் தபால் செலவையும் சேர்த்துத் தர வேண்டும்.

நீங்கள் ஏமாற்ற நினைத்தவர் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைத் துலக்குவது போலத்தான் காசையும் துலக்கியிருக்கிறீர்கள். ஆனால் காசு சேர்ப்பவர்களுக்கு ‘நல்ல நிலை’ என்பது பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை இல்லை. அது ஓர் அளவு. காசு அடிக்கும் அக்கசாலையிலிருந்து வெளியே வந்தபோது இருந்த மேற்பரப்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லும் அளவு. பாலிஷ் போட்டால் அந்த மேற்பரப்பே போய்விடுகிறது. ஆகவே உங்கள் இரண்டு வார்த்தை, உங்களுக்குத் தெரியாமலேயே, தவறான தகவலாகிவிட்டது.

‘அவர் கேட்கவில்லையே’ என்கிறீர்கள். கேட்பது வாங்குபவர் பொறுப்பு என்று வைத்தால் ஒரு காசுக்கு இருபது கேள்வி கேட்க வேண்டியிருக்கும். ஓட்டை போட்டு அடைத்ததா, காசுமாலையில் கோக்கக் காது வைத்துப் பற்றவைத்ததா, விளிம்பை ராவியிருக்கிறதா, ஆசிட்டில் போட்டதா, தேதியில் கை வைத்திருக்கிறதா என்று நீண்டுகொண்டே போகும். காசு உங்கள் கையில் இருக்கிறது. அவர் கையில் இருப்பது ஒரு படம். தெரிந்த குறையை முதலில் சொல்ல வேண்டியவர் விற்பவர்தான். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 15ஆவது பிரிவும், விவரம் சொல்லி விற்கும் பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றுதான் சொல்கிறது. சிலர் ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். வாங்கியவர் மனம் மாறினால் அந்த வரியைக் காட்டலாம். விவரமே தப்பாக இருக்கும்போது அதன் பின்னால் ஒளிவது முறையில்லை.

கோவைக்காரருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று புரிய வேண்டுமானால் அந்தக் காசைப் பற்றித் தெரிய வேண்டும். 1911 ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜ் அணிந்திருக்கும் அங்கியில் ஒரு விருதுச் சங்கிலி, அதில் கடுகளவு யானை. துதிக்கை குட்டையாக விழுந்ததால் பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்பு கிளம்ப, வெளியிடுவதை நிறுத்தி, கையிருப்பை உருக்கினார்கள். 1912இல் யானையைத் திருத்தி வரைந்த அச்சு வந்தது. அதனால் 1911ஐ வாங்குகிறவர் முதலில் லென்ஸைக் கொண்டுபோவது ராஜாவின் முகத்துக்கு அல்ல, அந்த யானைக்கு.

பட்டறையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பித்தளை பிரஷ் போட்டிருப்பார்கள். பிறகு பஃபிங் சக்கரத்தில் பிடித்திருப்பார்கள். கொலுசுக்கு அதுதான் சரியான வேலை. சேலத்துக் கொலுசின் பேரே அந்த வெண்மையில்தான் இருக்கிறது. ஆனால் சக்கரம் முதலில் தொடுவது மேலெழுந்து நிற்கும் இடங்களை. யானையின் முதுகு, துதிக்கை, கிரீடத்தின் மணிகள், மீசை நுனி எல்லாம் வழவழத்துப் போகும். வெள்ளியின் கறுப்பு என்பது காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம். அதை எடுக்கும்போது கூடவே வெள்ளியும் கொஞ்சம் போகிறது. போனது போனதுதான்.

உங்களிடம் பாலிஷ் போட்ட ஒன்பதும் போடாத 1862உம் இருக்கின்றன அல்லவா? இரவில் ஒரே ஒரு விளக்கின் கீழ் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, விளிம்பைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். பாலிஷ் போட்டது பாத்திரம் போல எங்கும் ஒரே மாதிரி வெளுத்து மின்னும். லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் ஆயிரம் தெரியும். எழுத்துகளின் அடிவாரத்தில் மட்டும் பிரஷ் எட்டாத கறுப்பு கோடாகத் தேங்கியிருக்கும். தொடாத காசில் ஒளி அப்படித் தட்டையாக விழாது. தேய்ந்த இடம் மங்கலாகவும், பள்ளங்களில் பழுப்பும் நீலமும் கலந்த சாயலாகவும் இருக்கும். அதிகம் புழங்காத காசு என்றால் ஒளி சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுற்றி ஓடும். கோவைக்காரர் காசைச் சாய்த்துப் பார்த்த ஒரு நொடியிலேயே விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

பணத்தைத் திருப்புவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். நல்ல மனதோடு திருப்பப் போய், வேறு காசு திரும்பி வந்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. முதலில் அவருக்குத் தனியாக எழுதுங்கள், குழுவில் வேண்டாம். ‘வணக்கம் சார். காசைப் பட்டறையில் பாலிஷ் போட்டது உண்மை. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சொல்லாதது என் தவறு. அனுப்பி வையுங்கள், வந்து சேர்ந்த அன்றே முழுப் பணமும் இரு பக்கத் தபால் செலவும் தருகிறேன். அனுப்புவதற்கு முன் தராசில் வைத்து இரண்டு பக்கமும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.’ இவ்வளவு போதும். மாமனார் கதை, குடும்ப நிலைமை எதுவும் வேண்டாம்.

விற்பதற்கு முன் நீங்கள் எடுத்த படத்தை எடுத்து வையுங்கள். இரண்டு காசில் அடிபட்ட தடம் ஒரே மாதிரி இருக்காது. விளிம்பில் ஒரு சின்னத் தட்டு, கன்னத்தில் ஒரு கீறல் என்று மூன்று அடையாளங்களைக் குறித்துக்கொண்டு அவர் அனுப்பும் படத்தோடு ஒப்பிடுங்கள். பார்சல் வந்ததும் ஒட்டிய கவரிலிருந்து காசு தராசுக்கு வரும் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். அதே காசுதான் என்றால் அன்றைக்கே, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு அனுப்புங்கள். ‘என் தம்பி நம்பருக்குப் போடுங்கள்’ என்றால் கூடாது. அவர் காசை வைத்துக்கொள்ளவே விரும்பி, விலையைக் குறைத்துக் கேட்டால் அதுவும் நல்ல முடிவுதான். எவ்வளவு என்று அவரையே சொல்லவிடுங்கள்.

அவர் பக்கமும் ஒரு பிசகு இருக்கிறது. குழுவில் எழுதுவதற்கு முன் உங்களுக்குத் தனியாக ஒரு செய்தி போட்டு ஒருநாள் பொறுத்திருக்கலாம். முதல்முறை விற்கிறவரை ஊர் நடுவில் நிறுத்துவது மரியாதை இல்லை. இருந்தாலும் இதை இப்போது அவரிடம் சொல்லிக்காட்ட வேண்டாம். பணம் போய்ச் சேர்ந்த பிறகு, ‘விஷயம் முடிந்துவிட்டது என்று குழுவில் ஒரு வரி எழுதிவிடுங்கள் சார்’ என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுதுவார்கள். இந்தக் குழுக்களில் ஒரே ஐந்நூறு பேர்தான் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள், விற்கிறார்கள். மீதிக் காசுகளையும் நீங்கள் அவர்களிடம்தான் விற்க வேண்டும்.

பாலிஷ் போட்ட மற்ற ஒன்பதை என்ன செய்வது? ‘பாலிஷ் போட்டது’ என்று முதல் வரியிலேயே எழுதி விற்கலாம். அதற்கும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், விலைதான் குறையும். அடிமட்ட விலை வெள்ளி விலை. 1835 முதல் 1939 வரை ரூபாயின் எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். ஆக ஒரு ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம், ஒன்பதுக்கும் சுமார் 96 கிராம், தேய்மானம் போகக் கொஞ்சம் குறையும். 1940 முதல் 1945 வரையுள்ள ரூபாயில் வெள்ளி பாதிதான். 1947 தேதி போட்டது நிக்கல். காந்தத்தை நீட்டினால் ஓடிவந்து ஒட்டும். தேதி பார்க்காமல் எல்லாவற்றையும் ‘வெள்ளி ரூபாய்’ என்று ஒரே கூடையில் போட்டு விற்றால் அடுத்த சண்டைக்கு அச்சாரம் கொடுத்த மாதிரி.

பட்டறைக்காரரைக் குறை சொல்ல ஏதுமில்லை. எடையிலும் டச்சிலும், அதாவது வெள்ளியின் சுத்தத்திலும், அவர் கண்ணுக்கு மிஞ்சி யாரும் இல்லை. இனி அவரிடம் எடை மட்டும் போடச் சொல்லுங்கள். உரைகல்லில் உரசக் கூடாது, அது விளிம்பில் தழும்பாக நிற்கும். டச் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் உரசாமலே எக்ஸ்கதிரால் உலோகத்தைச் சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் மெஷின் உள்ள இடத்தில் கொடுங்கள். அதில் காசுக்குச் சேதமில்லை.

போலியா என்று சந்தேகம் வந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீரில் முழுக்கப் பிடியுங்கள். 1939 வரையுள்ள ரூபாய்க்குத் தராசு சுமார் 1.13 காட்டினால் வெள்ளி சரி. வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வரில் அதே எடைக்கு வார்த்த போலி என்றால் 1.3ஐத் தாண்டும். நூலில் குமிழி ஒட்டியிருந்தாலும் எண் ஏறும். ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். முடிந்ததும் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

இனி விவரம் எழுதும் விதம். உங்கள் 1862 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். ‘160 வருடப் பழமை, மிக அரிது’ என்று எழுதத்தான் கை போகும். எழுதாதீர்கள். விக்டோரியா ரூபாயில் சர்வசாதாரணமாகக் கிடைப்பதே 1862தான். தேதியை மாற்றாமல் 1874 வரைக்கும் அதே ‘1862’ஐப் போட்டே அடித்தார்கள். எந்த வருடத்தில், எந்த அக்கசாலையில் அடித்தது என்பதைப் பின்பக்கத்தில் உள்ள சிறு புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். சில சேர்க்கைகள் அரிது, பல மலிவு. உங்களுக்கு அந்தக் கணக்கு தெரியாவிட்டால் பாதகமில்லை. புள்ளிகள் எண்ணும்படி தெளிவாகப் படம் போட்டுவிட்டால் தெரிந்தவர் பார்த்துக்கொள்வார். எழுதுவது இப்படி இருக்கலாம்:

‘1862 விக்டோரியா குயின் ஒரு ரூபாய். வெள்ளி. என் தராசில் எடை 11.5_ கிராம். எங்களிடம் வந்த பிறகு கழுவவோ பாலிஷ் போடவோ இல்லை. அதற்கு முன் தெரியாது. கன்னத்திலும் கிரீடத்திலும் தேய்மானம். பின்பக்கம், கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில் விளிம்பில் ஒரு தட்டு. பின்பக்கப் புள்ளிகளுக்கு மூன்றாவது படம் பாருங்கள். தபால், இன்சூரன்ஸ் தனி. கையில் கிடைத்து ஐந்து நாளுக்குள் திருப்பினால் முழுப் பணம்.’

எடையில் இருக்கும் அந்தக் காலி இடத்தை நீங்கள் நிறுத்துப் பார்த்து நிரப்புங்கள். ‘அதற்கு முன் தெரியாது’ என்ற வார்த்தைகளை எடுத்துவிடாதீர்கள். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் எழுதுகிறவரிடம் வாங்குகிறவர்கள் பேரம் பேசுவதும் குறைவு. யூஎன்சி, எக்ஸ்எஃப் போன்ற தர எழுத்துகளை நீங்களாகப் போட வேண்டாம். அது பழகிய கண்ணுக்கான வேலை. படத்தைக் காலையில் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷும் ஃபில்டரும் இல்லாமல் எடுங்கள். இரண்டு பக்கம் நேராக, ஒன்று சாய்த்து, ஒன்று விளிம்பு. விலை வைக்கும்போது மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுப் போன விலையைப் பாருங்கள். கேட்பதற்கு யார் வேண்டுமானாலும் ஒரு கோடி கேட்கலாம். குழுவில் ஏலம் போட்டால், வீட்டுப் பையன்களை விட்டு விலை ஏற்றச் சொல்லும் யோசனை யாராவது தருவார்கள். அது திருட்டுக்குச் சித்தப்பா மகன்.

ஆத்தூர்க்காரர் விஷயம் எளிது. ‘உங்களுக்குத்தான்’ என்று சொன்ன பிறகு அந்தக் காசு அவருடையது. ஆயிரம் ரூபாய் கூட வருகிறது என்பதற்காக அவரிடம் ‘வேறொருவர் அதிகம் கேட்கிறார், நீங்கள் ஏற்றுகிறீர்களா’ என்று கேட்பதும் சரியில்லை. வார்த்தையை மாற்றியதைவிட அது இன்னும் கசப்பு. ஆனால் அவரும் காசைக் காலவரையின்றிப் பிடித்துவைக்க முடியாது. நீங்கள் முதலிலேயே கெடு சொல்லவில்லை, அதுதான் விட்டுப்போனது. இன்று எழுதுங்கள்: ‘சார், நாளை மறுநாள் மாலை ஆறு மணி வரை உங்களுக்காக வைத்திருக்கிறேன். அதற்குள் பணம் வராவிட்டால் வேறொருவருக்குத் தருகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.’ இரண்டாமவருக்கு: ‘ஒருவருக்குச் சொல்லிவிட்டேன். அவர் விட்டால் முதல் தகவல் உங்களுக்கு.’ அவர் விட்டுவிட்டால், கூடச் சொன்ன ஆயிரத்தை வாங்கிக்கொள்வதில் தவறே இல்லை. அடுத்த முறை முதல் பதிவிலேயே ‘புக் செய்தால் 48 மணி நேரத்தில் பணம்’ என்று போட்டுவிடுங்கள். விற்றதும் பதிவில் ‘விற்றாயிற்று’ என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்தும் ‘இருக்கா மேடம்’ என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இப்போது ஏற்காடு. ராமர் பட்டாபிஷேகமும், மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, ‘அரை அணா’ அல்லது ‘ஒரு அணா’, 1818 என்ற தேதியும் இருக்கும் செம்புக் காசு என்றால், கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. அது பிற்காலத்தில் வியாபாரத்துக்காகச் செய்த டோக்கன். கம்பெனிக் காசில் சாமி உருவமே கிடையாதா என்று யாராவது மடக்கினால், உண்டு: சென்னையில் அடித்த தங்க வராகனில் பெருமாள் உருவம் இருக்கிறது. செம்பு அணாவில் பட்டாபிஷேகம் கிடையாது. நாத்தனார் அதைப் பூஜையில் வைத்துக்கொள்ளட்டும். விற்பதானால் ‘நவீன டோக்கன்’ என்று சொல்லி விற்க வேண்டும். நாம் ஏமாந்ததை அடுத்தவர் தலையில் கட்டுவதும் ஏமாற்றுதான்.

போனில் பேசியவர் கேட்ட பதிவுக் கட்டணத்தைத் தொடர்ந்து ஜிஎஸ்டி வரும், பிறகு ‘ரிசர்வ் வங்கி அனுமதி’க் கட்டணம் வரும். கட்டக் கட்ட வந்துகொண்டே இருக்கும். பழைய காசு, நோட்டு வாங்கல் விற்றலில் தனக்குத் தொடர்பில்லை, அதற்கு எந்தக் கட்டணமும் கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. 2012இல் வந்த வைஷ்ணோ தேவி காசு, 786 எண் நோட்டு, அரிசியை இழுக்கும் செம்பு எல்லாம் இதே வலையின் வேறு வேறு கண்ணிகள். நிஜமாக வாங்குகிறவர் பணம் தருவார், கேட்க மாட்டார். இன்னொன்றையும் சொல்லிவையுங்கள்: பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் போட வேண்டியதே இல்லை, பின் கேட்டால் பணம் போகப்போகிறது என்று பொருள். ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் பதியச் சொல்லுங்கள்.

ஆல்பத்துக்கு ஏற்காட்டுக் குளிர்தான் எதிரி. மூட்டம் இறங்கும் மாதங்களில் ஸ்டாம்பின் பின்பசை ஈரம் குடித்து அட்டையோடு ஒட்டிக்கொள்ளும், காகிதத்தில் பழுப்புப் புள்ளிகள் பூக்கும். ஒட்டியதைத் தண்ணீரில் போட்டு எடுத்தால் பசை போய்விடும், விலையும் கூடவே போகும். அதனால் எதையும் பிரிக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஆல்பத்தை நிறுத்திவைத்து, வெயில் காலத்தில் சேலத்துக்குக் கொண்டுவந்து படம் எடுங்கள். 1948 ஆகஸ்ட் 15இல் வந்த காந்தி வரிசை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தில் அச்சானவை. பத்து ரூபாய் ஸ்டாம்புக்குப் போலி நிறைய. அசலின் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்குப் பதினொன்றரைத் துளை இருக்கும். ஸ்டாம்ப் விற்கும்போது பின்பக்கப் படம் கட்டாயம். பசை இருக்கிறதா, ஆல்பத்தில் பொருத்த ஒட்டும் கீல்தாளின் தடம் இருக்கிறதா என்பதில்தான் பாதி விலை இருக்கிறது.

நாத்தனார் பேச்சு வந்ததால் நீங்கள் கேட்காத ஒன்று. மாமனார் உயில் எழுதாமல் போயிருந்தால் அவர் பெட்டியில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. மாமியார் இருந்தால் அவருக்கும் உண்டு. காசுகளை எண்ணிட்டுப் படத்தோடு ஒரு நோட்டில் எழுதி, எல்லாரும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு மேற்கொண்டு விற்பனையைத் தொடங்குங்கள். விற்ற தொகையையும் அதே நோட்டில் எதிரே எழுதிவாருங்கள். நாளைக்கு இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று வாங்கியவர் கேட்டாலும் காட்ட அது உதவும்.

குழுவில் சிங்கப்பூர், மலேசியாக்காரர்கள் இருப்பார்கள். நல்ல விலையும் சொல்வார்கள். நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உங்கள் 1862உம் 1911உம் அதில் அடங்கும். ‘ஊருக்கு வரும் மச்சான் கையில் கொடுத்துவிடுங்கள்’ என்றாலும் அதே குற்றம்தான். வீட்டுச் சொத்தை விற்பது வேறு. நாளைக்கு இதையே வாங்கி விற்கும் தொழிலாகச் செய்யத் தோன்றினால், தொல்பொருள் விற்க உரிமம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கட்டி அனுப்பும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஆத்தூருக்கு அதுதான் அடுத்து வேண்டியிருக்கும். கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம். நாளடைவில் பச்சைப் பிசின் கசிந்து காசில் ஒட்டும். இரண்டு அங்குலச் சதுர அட்டை ஹோல்டர் வாங்கி, காசை விளிம்பில் மட்டும் பிடித்து உள்ளே வைத்து நான்கு பக்கமும் ஸ்டேப்ளர் அடியுங்கள். பின்னின் கால்களைக் குறட்டால் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். ஹோல்டரைத் தடித்த இரண்டு அட்டைகளுக்கு நடுவே டேப் போட்டு ஒட்டி, காதருகே ஆட்டிப் பாருங்கள். சத்தம் வரக் கூடாது. கவரின் மேல் காசு, வெள்ளி என்று எதுவும் எழுத வேண்டாம். ஆனால் கவுன்டரில் உள்ளே இருப்பதைச் சொல்லி, விற்ற விலைக்கே இன்சூர் செய்யுங்கள். தனியார் கூரியர்கள் பலவற்றின் நிபந்தனையில் காசும் வெள்ளியும் ஏற்காத பட்டியலில் இருக்கும்; தொலைந்தால் ஒன்றும் கிடைக்காது. பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால் ஸ்பீட் போஸ்ட் என்றே கேளுங்கள். ரசீதைப் படம் எடுத்து அன்று மாலையே அவருக்கு அனுப்பிவிடுங்கள். வந்ததும் பார்சலை வீடியோ எடுத்தபடி பிரிக்கச் சொல்லி அதன் கீழே ஒரு வரி எழுதுங்கள்.